மூன்று பேர் கொண்ட குழுவுக்கு எந்த சர்வீஸ் மெஷ்?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். கொள்கலன்களை இயக்கி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில் 40 மைக்ரோசர்வீஸ்கள் (தனித்தனியே ஓடும் சிறு நிரல்கள்), ஏறக்குறைய 300 பாட்கள் (அந்த நிரல்களின் ஓடும் பிரதிகள்) ஓடுகின்றன. பாதி ஜாவா, மீதி கோ மொழியிலும் பைத்தானிலும் எழுதப்பட்டவை. இவற்றைப் பராமரிக்கும் குழுவில் மூன்றே பேர். தணிக்கைக்கு வந்தவர்கள், கிளஸ்டருக்குள் (இவை ஓடும் இயந்திரக் கூட்டத்துக்குள்) ஓடும் போக்குவரத்தும் குறியாக்கம் செய்யப்பட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இது போதாதென்று, ஜிஆர்பிசி (சர்வீஸ்கள் ஒன்றையொன்று அழைக்கும் ஒரு நெறிமுறை) அழைப்புகள் ஒரே பாட் மீது போய்க் குவிகின்றன. சர்வீஸ்களுக்கு இடையே ஓடும் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்ளும் தனி அடுக்குதான் சர்வீஸ் மெஷ். அதைத் தரும் இஸ்டியோ, லிங்கர்டி, சீலியம் இந்த மூன்றில் எதை எடுக்கலாம் என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்தில் இருந்தால் இஸ்டியோவின் ஆம்பியன்ட் முறையை எடுப்பேன். அதையும் முதலில் பாதியளவுக்கு மட்டும். லிங்கர்டிக்கு உரிமக் கட்டணம் கட்ட உங்கள் நிர்வாகம் தயார் என்றால் லிங்கர்டியை எடுப்பேன். சீலியம் ஏற்கெனவே உங்கள் கிளஸ்டரின் வலையமைப்பாக இருந்தால், தனியாக ஒரு மெஷ் தேவைப்படாமலே போகலாம். ஆனால் இந்த மூன்று வரிகளோடு எழுந்து போய்விடாதீர்கள். மெஷ்ஷை நிறுவுவது ஒரு பிற்பகல் வேலை. அதோடு குடித்தனம் நடத்துவது வருடக்கணக்கான வேலை. மூன்று பேர் கொண்ட குழு இரண்டாவதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மெஷ் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால், உங்களுக்கு அதில் எவ்வளவு தேவை என்பதும் தெரியும். ஒரு சர்வீஸ் இன்னொன்றை அழைக்கும்போது காலக்கெடு வைப்பது, தோற்றால் மறுபடி முயல்வது, சுமையைப் பகிர்வது ஆகியவற்றை முன்பு நூலகங்களே செய்தன. நெட்ஃபிளிக்ஸ் ஜாவாவில் ஹிஸ்ட்ரிக்ஸும் ரிப்பனும் எழுதியது. ட்விட்டர் ஸ்காலாவில் ஃபினேகிள் எழுதியது. ஒரே மொழியில் எழுதும் நிறுவனத்துக்கு அது போதும். உங்களைப் போல மூன்று மொழிகள் புழங்கும் இடத்தில் ஒரே வேலையை மூன்று முறை எழுத வேண்டும், மூன்று முறை திருத்த வேண்டும். ட்விட்டரில் இருந்து வந்த வில்லியம் மார்கனும் ஆலிவர் கூல்டும் 2015இல் பாயண்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நூலகம் செய்த வேலையைத் தனியாக ஓடும் ஒரு பிராக்ஸிக்குள் (போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் நிரலுக்குள்) வைத்தார்கள். 2016இல் வந்த லிங்கர்டி அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் லிஃப்ட் நிறுவனம் சி++ மொழியில் எழுதிய என்வாய் பிராக்ஸியை வெளியிட்டது. கூகுள், ஐபிஎம், லிஃப்ட் மூன்றும் சேர்ந்து, என்வாயை அடித்தளமாகக் கொண்ட இஸ்டியோவை 2017 மே மாதம் அறிவித்தன.

இனி உங்கள் இரண்டு சிக்கல்களையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். ஒரே கருவி இரண்டையும் தீர்க்கும் என்ற எண்ணத்தோடு தேடத் தொடங்குவதால்தான் பலர் தேவையில்லாத பெரிய கருவியில் போய் முடிகிறார்கள்.

ஜிஆர்பிசி சிக்கலை முதலில் பார்ப்போம். ஜிஆர்பிசி எச்டிடிபி/2 மீது ஓடுகிறது. ஒரு முறை திறந்த இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான அழைப்புகளை அதே இணைப்பில் அனுப்புவது அதன் இயல்பு. குபெர்னெட்டிஸின் கியூப் பிராக்ஸியோ இணைப்புகளைத்தான் பகிர்கிறது. அழைப்புகளைப் பகிர அதற்குத் தெரியாது. ஆகவே முதல் இணைப்பு எந்த பாட் மீது விழுந்ததோ, எல்லா அழைப்புகளும் அங்கேயே போகும். கூடுதலாகப் பத்து பாட்கள் போட்டாலும் அவை சும்மா நிற்கும். இதற்கு மெஷ் ஒரு தீர்வுதான், ஆனால் ஒரே தீர்வு அல்ல. அந்தச் சர்வீஸை ஹெட்லெஸ் சர்வீஸாக (பாட்களின் முகவரிகளை நேரடியாகத் தருவதாக) மாற்றி, அழைக்கும் பக்கத்தில் ஜிஆர்பிசி நூலகத்தின் ரவுண்ட் ராபின் முறையை (பாட்களுக்கு மாற்றி மாற்றி அனுப்புவதை) இயக்கினால், சில வரி மாற்றத்தில் பிரச்சினை தணியும். உங்களிடம் ஜிஆர்பிசி பேசும் சர்வீஸ்கள் நான்கைந்துதான் என்றால் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். மெஷ் முடிவு வரும்வரை வாடிக்கையாளர்களைக் காக்கவைக்க வேண்டியதில்லை.

அடுத்தது தணிக்கை. தணிக்கையாளர் எந்த விதியை வைத்து அப்படி எழுதினார் என்று கேட்டு, அந்த விதியின் வாசகத்தை வாங்குங்கள். நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை. உதாரணமாக, அட்டைப் பணப் பரிமாற்றங்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0.1 தரத்தின் 4.2.1ஆம் விதி, திறந்த பொது வலையமைப்புகளில் அட்டை எண் செல்லும்போது வலுவான குறியாக்கம் வேண்டும் என்கிறது. கிளஸ்டருக்குள் ஓடும் ஒவ்வொரு அழைப்பையும் பற்றி அது பேசவில்லை. உங்கள் நிறுவனத்தின் சொந்தக் கொள்கையோ வாடிக்கையாளர் ஒப்பந்தமோ அதைவிடக் கடுமையாக இருக்கலாம். தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இயந்திரங்களுக்கு இடையே குறியாக்கம் இருந்தால் போதுமா, அல்லது ஒவ்வொரு சர்வீஸும் தன் அடையாளத்தைச் சான்றிதழால் நிரூபிக்க வேண்டுமா? முதலாவது என்றால் மெஷ் வேண்டாம். கிளஸ்டரின் வலையமைப்புக் கருவிகளான சீலியமும் காலிகோவும் வயர்கார்ட் என்ற, இயந்திரங்களுக்கு இடையிலான குறியாக்கத்தைத் தருகின்றன. ஓர் அமைப்பை இயக்கினால் வேலை முடிந்தது. இரண்டாவது என்றால் எம்டிஎல்எஸ் (இரு பக்கமும் சான்றிதழ் காட்டிப் பேசும் குறியாக்கம்) வேண்டும். மெஷ்ஷுக்கான நியாயமான காரணம் அங்கேதான் தொடங்குகிறது.

சீலியத்தை நான் முதல் தேர்வாக ஏன் சொல்லவில்லை என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. இபிபிஎஃப் என்ற தொழில்நுட்பம் வழியாக லினக்ஸ் கெர்னலிலேயே வலையமைப்பு வேலையைச் செய்யும் அருமையான கருவி அது. ஆனால் அதன் வயர்கார்ட் சாவி நோடுக்கு (பாட்கள் ஓடும் இயந்திரத்துக்கு) உரியது, சர்வீஸுக்கு உரியது அல்ல. ஒரே நோடில் இருக்கும் இரண்டு பாட்கள் பேசிக்கொள்வதை அது குறியாக்கம் செய்வதும் இல்லை. ‘இந்தக் கோரிக்கை பில்லிங் சர்வீஸிலிருந்துதான் வந்தது’ என்று சான்றிதழோடு காட்ட வேண்டும் என்றால் இது போதாது. சீலியம் இல்லாத கிளஸ்டரில், மெஷ்ஷுக்காக மட்டும் ஓடும் கிளஸ்டரின் வலையமைப்பையே மாற்றுவது மூன்று பேருக்குப் பெரிய அறுவைசிகிச்சை.

இப்போது இஸ்டியோ. அதன் மீது இருக்கும் ‘கனமானது, சிக்கலானது’ என்ற பெயர் ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது. பைலட், மிக்ஸர், சிட்டாடெல், கேலி என்று கட்டுப்பாட்டுப் பகுதியே பல துண்டுகளாகக் கிடந்தது. 2020 மார்ச்சில் வந்த 1.5ஆம் பதிப்பு அவற்றை இஸ்டியோடி என்ற ஒரே நிரலாக்கியது. மிக்ஸருக்கு விடைகொடுக்கும் வேலையும் அப்போது தொடங்கியது. ஆனாலும் ஒவ்வொரு பாட் உடனும் ஒரு பிராக்ஸியை ஒட்டவைக்கும் சைட்கார் முறையின் அடிப்படைச் செலவு அப்படியே இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இயல்பான அமைப்பில் இஸ்டியோ சைட்கார் ஒவ்வொன்றும் 100 மில்லிகோர் (ஒரு கோரில் பத்தில் ஒரு பங்கு) சிபியுவும் 128 மெபிபைட் நினைவகமும் கேட்கிறது. 300 பாட்களுக்கு 30 கோர், நினைவகம் 37.5 ஜிபிபைட். பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இவ்வளவும் ஒதுக்கிவைக்கப்படும். இது யானையைக் கட்டித் தீனி போடுவது. போதாக்குறைக்கு, எதுவும் கட்டுப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு சைட்காரும் மெஷ்ஷில் இருக்கும் எல்லாச் சர்வீஸ்களின் விவரத்தையும் வாங்கிவைத்துக்கொள்ளும். மெஷ்ஷைப் புதிய பதிப்புக்கு உயர்த்த வேண்டும் என்றால் எல்லா பாட்களையும் மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வரும் கருவியில் இது லேசான காரியம் அல்ல.

ஆம்பியன்ட் முறை இந்த இடத்தில்தான் ஆட்டத்தை மாற்றியது. 2022 செப்டம்பரில் கூகுளும் சோலோ நிறுவனமும் இதை அறிவித்தன. 2024 நவம்பரில் வந்த 1.24ஆம் பதிப்பில் பொதுப் பயன்பாட்டுக்குத் தயார் என்ற நிலையை அடைந்தது. இதில் சைட்கார் கிடையாது. நோடுக்கு ஒன்றாக, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ஸீடனல் என்ற சிறு பிராக்ஸி ஓடுகிறது. எம்டிஎல்எஸ், சர்வீஸ் அடையாளம், யார் யாருடன் இணையலாம் என்ற அனுமதி, இவ்வளவுதான் அதன் வேலை. எச்டிடிபியின் உள்ளே பார்த்துச் செய்ய வேண்டியவற்றுக்கு, அதாவது வழித்தடப் பிரிப்பு, மறுமுயற்சி, அழைப்பு வாரியான சுமைப் பகிர்வு போன்றவற்றுக்கு, வேபாயின்ட் என்ற என்வாய் பிராக்ஸியை வேண்டிய பெயர்வெளிக்கு (கிளஸ்டருக்குள் சர்வீஸ்களைப் பிரித்துவைக்கும் பகுதிக்கு) மட்டும் தனியாக வைத்துக்கொள்ளலாம். பெயர்வெளிக்கு ஒரு லேபிள் போட்டால் அங்குள்ள பாட்கள் மறுதொடக்கம் இல்லாமலே மெஷ்ஷுக்குள் வந்துவிடுகின்றன.

பாதியளவுக்கு மட்டும் எடுங்கள் என்று நான் சொன்னது இதைத்தான். 40 சர்வீஸ்களுக்கும் ஸீடனல்; தணிக்கைக்கான தேவை அதோடு நிறைவேறும். ஜிஆர்பிசி புழங்கும் ஒன்றிரண்டு பெயர்வெளிகளுக்கு மட்டும், அதுவும் பின்னால், வேபாயின்ட். ஸீடனல் அழைப்புகளுக்குள் பார்ப்பதில்லை. ஆகவே அதை நிறுவியதும் ஜிஆர்பிசி குவியல் தானாகக் கலைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் ‘ஆம்பியன்ட் வேலை செய்யவில்லை’ என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருந்தது.

ஆம்பியன்டிலும் குறை உண்டு. நோடுக்கு ஒரே ஸீடனல் என்பதால் அது விழுந்தால் அந்த நோடில் உள்ள எல்லா பாட்களும் பாதிக்கப்படும். அதைப் புதுப்பிக்கும்போது நீண்டநேரம் திறந்திருக்கும் இணைப்புகள் அறுபடலாம். தரவுத்தள இணைப்புகளை மறுபடி திறக்கத் தெரியாத பழைய சர்வீஸ் ஏதாவது உங்களிடம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அல்லது ஒவ்வொரு நோடாகக் காலிசெய்து புதுப்பியுங்கள்.

லிங்கர்டியைப் பற்றிப் பேசும்போது எனக்கு உண்மையான பிரியம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஜாவா நிரல்களை ஓட்டும் ஜேவிஎம் மீது ஓடிய முதல் லிங்கர்டி நினைவகத்தை விழுங்கியது. அதை உணர்ந்து, எல்லாவற்றையும் தூக்கிவைத்துவிட்டு, பிராக்ஸியை ரஸ்ட் மொழியில் முதலிலிருந்து எழுதி, 2018 செப்டம்பரில் லிங்கர்டி 2.0 என்று கொண்டுவந்தார்கள். அந்தத் துணிவு எல்லாத் திட்டங்களுக்கும் வாய்ப்பதில்லை. நிறுவியதும் எம்டிஎல்எஸ் தானாக இயங்கும். ஜிஆர்பிசி அழைப்புகளும் தானாகப் பகிரப்படும். இரவு இரண்டு மணிக்கு ஒரு சிக்கல் வந்தால், தூக்கக் கலக்கத்திலும் அதன் அமைப்பைப் புரிந்துகொள்ள முடியும். மூன்று பேர் குழுவுக்கு இதைவிடப் பெரிய தகுதி எதுவும் இல்லை.

அப்படியிருந்தும் ஏன் இரண்டாவதாக வைத்தேன்? உரிமத்துக்காக. 2024 பிப்ரவரியில், 2.15ஆம் பதிப்பிலிருந்து நிலையான வெளியீடுகளைத் திறந்தமூலத் திட்டத்திலிருந்து தரப்போவதில்லை என்று பாயண்ட் அறிவித்தது. நிரல் இன்றும் திறந்தமூலம்தான். எட்ஜ் எனப்படும் வெளியீடுகளை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்நிறுவனத்தின் நிலையான பதிப்பை உற்பத்திச் சூழலில் ஓட்ட, 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் பணம் கட்ட வேண்டும். இதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. மென்பொருளைப் பராமரிப்பவர்களும் சாப்பிட வேண்டும். ஆனால் உங்கள் வரவுசெலவில் அதற்கு இடம் உண்டா என்று நிதித்துறையிடம் இன்றே கேளுங்கள். நிறுவிய பிறகு கேட்காதீர்கள்.

கருவி எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதை வசதிகளின் பட்டியலுக்கு இணையாக எடைபோட வேண்டும் என்பேன். அமேசானின் ஆப் மெஷ் 2019இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2026 செப்டம்பர் 30 அன்று அதற்கான ஆதரவு முடியும் என்று அறிவிக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2020இல் கொண்டுவந்த ஓப்பன் சர்வீஸ் மெஷ் 2023இல் நிறுத்தப்பட்டது. எல்லா மெஷ்களுக்கும் பொதுவான இடைமுகம் என்று 2019இல் வந்த எஸ்எம்ஐயும் 2023இல் மூடப்பட்டது. பெரிய நிறுவனத்தின் பெயர் பாதுகாப்பு ஆகாது என்று இவை காட்டுகின்றன. இஸ்டியோ 2023 ஜூலையிலும் லிங்கர்டி 2021 ஜூலையிலும் சீலியம் 2023 அக்டோபரிலும் இத்தகைய திறந்தமூலத் திட்டங்களுக்கு இடம் தரும் சிஎன்சிஎஃப் அமைப்பில் முதிர்ந்த திட்டங்கள் என்ற நிலையைப் பெற்றன. இஸ்டியோவுக்குப் பின்னால் பல நிறுவனங்கள் நிற்பது எனக்குக் கூடுதல் தெம்பு. எதை எடுத்தாலும், வழித்தட விதிகளைக் கூடியவரை குபெர்னெட்டிஸின் கேட்வே ஏபிஐ வடிவத்தில் எழுதுங்கள். 2024 மே மாதம் வந்த அதன் 1.1ஆம் பதிப்பிலிருந்து மெஷ்ஷுக்குள் ஓடும் போக்குவரத்துக்கும் அது பொருந்தும். நாளை கருவியை மாற்ற நேர்ந்தால் பாதி வேலை மிச்சமாகும்.

கான்சலும் கூமாவும் கிளஸ்டருக்கு வெளியே பழைய சர்வர்களில் ஓடும் சர்வீஸ்களையும் மெஷ்ஷுக்குள் சேர்க்க வேண்டியவர்களுக்கு ஏற்றவை. உங்களுக்கு அந்தத் தேவை இல்லை.

இனி, எந்தக் கருவி என்பதைவிட உங்களைத் தூங்கவிடாமல் செய்யக்கூடிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று, சான்றிதழ். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் மெஷ்ஷை நிறுவிய நண்பர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சரியாக ஓராண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சர்வீஸ்களும் ஒன்றையொன்று நம்ப மறுத்தன. டிஎன்எஸ் கோளாறு என்று நினைத்து பாட்களை மறுதொடக்கம் செய்தோம். புதிதாக எழுந்த பாட்களுக்கு அடையாளமே கிடைக்காததால் நிலைமை இன்னும் மோசமானது. மூலச் சான்றிதழ் (மற்ற எல்லாச் சான்றிதழ்களும் நம்பியிருப்பது) காலாவதியாகிவிட்டது என்று கண்டுபிடிக்க நான்கு மணிநேரம் ஆயிற்று. அந்த நான்கு மணிநேரமும் மக்கள் பணம் செலுத்த முடியாமல் தவித்தார்கள். அந்தத் தேதியை ஒரு நாட்காட்டியில்கூட நாங்கள் குறித்துவைக்கவில்லை என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

லிங்கர்டியைக் கட்டளை வரியில் இயல்பான முறையில் நிறுவினால், அது உருவாக்கும் மூலச் சான்றிதழின் ஆயுள் 365 நாட்கள். ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். இஸ்டியோ தானாக உருவாக்கிக்கொள்ளும் மூலச் சான்றிதழுக்குப் பத்தாண்டு ஆயுள். ஆனால் அதன் சாவி கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சீக்ரெட்டாக (குபெர்னெட்டிஸ் ரகசியங்களை வைக்கும் பதிவாக) கிடக்கிறது. அதைப் படிக்க முடிந்த எவரும் உங்கள் எந்தச் சர்வீஸைப் போலவும் வேடம் போடலாம். மூலச் சாவியைக் கிளஸ்டருக்கு வெளியே வைத்து, இடைநிலைச் சான்றிதழை மட்டும் உள்ளே கொடுங்கள். அதைப் புதுப்பிக்கும் பயிற்சியை, நிறுவிய முதல் மாதத்திலேயே சோதனைக் கிளஸ்டரில் மூன்று பேரும் ஆளுக்கொரு முறை செய்துபாருங்கள்.

இரண்டு, மறுமுயற்சி. இஸ்டியோவில் எச்டிடிபி விதிகள் இயங்கும் இடத்தில், தோற்ற கோரிக்கை இயல்பாகவே இன்னும் இரண்டு முறை முயலப்படும், மொத்தம் மூன்று. உங்கள் ஜாவா நூலகமும் மூன்று முறை முயல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தாவலில் (ஒரு சர்வீஸிலிருந்து அடுத்ததற்குப் போகும் அழைப்பில்) ஒன்பது. சங்கிலியில் இரண்டு தாவல்கள் இருந்தால் 81. மூச்சுத்திணறும் தரவுத்தளத்தின் மீது ஒன்றுக்கு 81ஆகக் கோரிக்கைகள் விழுந்தால் அது எழுந்திருக்கவே முடியாது. வேபாயின்ட் வைக்கும் பெயர்வெளிகளில் மறுமுயற்சி ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும்: நூலகத்திலோ மெஷ்ஷிலோ. பணம் பிடிக்கும் கோரிக்கைகளுக்கு, அதே கோரிக்கை இருமுறை வந்தாலும் ஒருமுறையே செயல்படும்படி நிரலை மாற்றும்வரை, மறுமுயற்சியே வேண்டாம்.

சிறியவை சில. மெஷ் வந்தால் டிரேசிங் (ஒரு கோரிக்கை எந்தெந்தச் சர்வீஸ் வழியாகப் போனது என்று தடம் பார்ப்பது) இலவசமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரேஸ் ஹெடர்களை ஒவ்வொரு சர்வீஸும் தானே அடுத்த அழைப்புக்குக் கடத்த வேண்டும். சைட்கார் முறையில் ஜாப்கள் (ஒருமுறை ஓடி முடிய வேண்டிய பணிகள்) முடியாமல் தொங்கும் பழைய தொல்லை, குபெர்னெட்டிஸ் 1.33இல் உறுதிப்படுத்தப்பட்ட உள்ளார்ந்த சைட்கார் வசதியால் தீர்ந்தது. ஆம்பியன்டில் அந்தப் பேச்சே இல்லை. லிங்கர்டியை எடுத்தால், மைஎஸ்க்யூஎல் 3306 அல்லாத போர்ட்டில் ஓடுகிறதா என்று பாருங்கள். சர்வர் முதலில் பேசும் நெறிமுறை அது; அந்த போர்ட்டை ஒப்பேக் (உள்ளே பார்க்க வேண்டாம்) என்று குறிக்காவிட்டால், நெறிமுறையைக் கண்டறிய முயன்று பிராக்ஸி பத்து நொடிவரை காத்திருக்கும்.

தொடங்கும் வரிசை. எதையும் நிறுவுவதற்கு முன், 40 சர்வீஸ்களுக்கும் தனித்தனி சர்வீஸ் அக்கவுன்ட் (குபெர்னெட்டிஸில் நிரலுக்கான அடையாளக் கணக்கு) உருவாக்குங்கள். மெஷ் தரும் அடையாளம் பெயர்வெளியையும் சர்வீஸ் அக்கவுன்டையும் வைத்துத்தான் அமைகிறது. எல்லாமே ‘டிஃபால்ட்’ கணக்கில் ஓடினால், ஒரு பெயர்வெளியில் உள்ள எல்லாச் சர்வீஸ்களுக்கும் ஒரே முகம். சான்றிதழ் இருந்தும் யார் யாரென்று தெரியாது. இது அலுப்பூட்டும் வேலை. இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆனால் அனுமதி விதிகளின் பயன் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

பிறகு, முக்கியமில்லாத ஒரு பெயர்வெளியை ஆம்பியன்டில் சேருங்கள். இஸ்டியோ இயல்பாகவே பெர்மிசிவ் நிலையில் இருக்கும், அதாவது குறியாக்கம் இல்லாத போக்குவரத்தையும் ஏற்றுக்கொள்ளும். இடம்பெயரும் காலத்துக்கு அது நல்லது. அந்த நிலையிலேயே விட்டுவிட்டு ‘எம்டிஎல்எஸ் போட்டாகிவிட்டது’ என்று அறிக்கை எழுதுவது தவறு. இரண்டு வாரம் அளவீடுகளைப் பாருங்கள்: குறியாக்கம் இல்லாமல் யார் இன்னும் பேசுகிறார்கள், மெதுவான ஒரு சதவீதக் கோரிக்கைகளின் நேரம் எவ்வளவு கூடியது. பிறரின் வேக ஒப்பீடுகளைவிட உங்கள் கிளஸ்டரில் கிடைக்கும் அந்த எண்தான் உங்களுக்குப் பயன்படும். குறியாக்கம் இல்லாமல் பேசுபவர்களின் பட்டியல் காலியானதும், அத்தகைய போக்குவரத்தை மறுக்கும் ஸ்ட்ரிக்ட் நிலைக்கு மாற்றுங்கள். ஒரு முறை வேண்டுமென்றே இஸ்டியோடியை நிறுத்திப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் போக்குவரத்து தொடர வேண்டும். புதிய பாட்களுக்குத்தான் சான்றிதழ் கிடைக்காது. சர்வீஸ் சான்றிதழ்களின் ஆயுள் 24 மணிநேரம் என்பதால், அதைச் சரிசெய்ய உங்களுக்கு இருக்கும் அவகாசமும் அதற்குள்தான்.

கடைசியாக, மெஷ்ஷுக்கு வெளியே ஒரு பாட் எழுப்பி, அதிலிருந்து பில்லிங் சர்வீஸை அழைத்துப் பாருங்கள். இணைப்பு மறுக்கப்பட வேண்டும். அந்த மறுப்புப் பதிவை நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தணிக்கையாளரிடம் காட்ட வேண்டிய சான்று அதுதான்.